நாற்பத்தோராம் நாளின் நீல டிக்

அறுபத்து மூன்றாம் நாள் காலையில்தான் அவர் அதைப் பார்த்தார். நடந்துவிட்டு வந்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த அட்டையில் பச்சைப் பேனாவால் டிக் போட்டார். போட்ட கையோடு போகாமல், தன் பெருமையைத் தானே ரசிக்கும் சபலத்தில் ஓர் எட்டு பின்னால் நகர்ந்து நின்றார். எண்பது வரிசை, வரிசைக்கு நாலு கட்டம்: காலை நடை, மாலை உடற்பயிற்சி, சர்க்கரை இல்லை, பத்துப் பக்கம். மேலிருந்து பச்சைப் பசேலென்று இறங்கி வந்த அந்த அட்டையில், நாற்பத்தோராம் நாள் மாலைக் கட்டத்தில் மட்டும் ஒரு டிக் நீலமாக இருந்தது.

அவர் நீலப் பேனாவைத் தொட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கட்டடம் கட்டடமாகப் போய்த் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பது அவர் வேலை. சிலிண்டரின் தலையில் சின்ன வட்ட மீட்டர் இருக்கும். அதன் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, குழாயில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்த்து, கழுத்தில் தொங்கும் அட்டையில் அந்த மாதத்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும். சோதிப்பவர்களுக்குப் பச்சை மை என்பது கம்பெனி விதி. சட்டைப் பையில் இரண்டு, பையில் நாலு, வீட்டு மேசையில் ஒரு டப்பா நிறைய என்று அவர் வாழ்க்கையே பச்சையாகிப் போயிருந்தது. ஆபீசில் அவருக்கு 'முள் சார்' என்று பெயர். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த எண்பது நாள் வேள்வி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பதினேழு வயது மகள், பள்ளி இறுதித் தேர்வில் கணக்குத் தாளில் இரண்டு முறை தோற்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மூன்றாம் முறை எழுதச் சொல்லி அவர் வாயைத் திறந்தபோது, அவள் அலமாரியின் மேல்தட்டைக் கை காட்டினாள். அங்கே அவர் வாங்கிய கிடார் இருந்தது, நீச்சல் கண்ணாடி இருந்தது, மூன்று பாடத்தோடு நின்றுபோன பிறமொழிப் புத்தகம் இருந்தது. ஊரிலேயே பெரிய ஆரம்பசூரர் அவர்.

"நீங்க ஏதாவது ஒண்ணை முழுசா முடிச்சுக் காட்டுங்கப்பா. அப்புறம் நான் எழுதறேன்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே அட்டை வெட்டிக் கட்டம் போட்டார். விதியையும் அவரே எழுதினார். எண்பது நாள். ஒரு கட்டம் தவறினாலும் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து. தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எண்பதாம் நாளுக்கு நாலு நாள் கழித்து வந்தது. அதாவது ஒரே ஒரு முறைதான் முயற்சி செய்ய முடியும். அவர் தவறினால் அவளுடைய வருஷமும் போச்சு.

இப்போது அந்த நீல டிக்.

முதலில், அன்றைக்குப் பச்சைப் பேனா எழுதாமல் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். டப்பா நிறையப் பேனா வைத்திருக்கும் மனுஷனுக்கு அது பொருந்தவில்லை. மனைவியிடம் கேட்டார். அவள் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருபவள். காலை அவசரத்தில் இருந்தாள். நாற்பத்தோராம் நாளான அந்த வியாழக்கிழமை தான் தங்கை வீட்டில் தங்கிவிட்டதாகச் சொன்னாள். அவரே போட்டிருப்பார், ஞாபக மறதி, இதற்கெல்லாமா ஒரு விசாரணைக் கமிஷன் என்று கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆபீசுக்குப் போனதும் பழைய வேலைத்தாளை எடுத்துப் பார்த்தார். அந்த வியாழன், ஒன்பது மாடிக் கட்டடம், இருநூற்றுப் பன்னிரண்டு சிலிண்டர். ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே 'லிஃப்ட் பழுது' என்று இருந்தது. கம்பெனி வண்டி ஓட்டுநரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முள் சார் அன்றைக்கு மூன்று தடவை ஒன்பது மாடி ஏறி இறங்கினாராம், கடைசியில் வண்டியில் உட்கார்ந்ததும் கால் இரண்டும் தந்தி அடித்ததாம். அதைவிடப் பெரிய உடற்பயிற்சி உலகத்தில் உண்டா, கண்ணை மூடிக்கொண்டு கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பும் சொன்னான்.

அவருக்கு அது இனிக்கத்தான் செய்தது. ஆனால் விதியில் 'வேலை நேரத்து அலைச்சல் கணக்கில் வராது' என்று எழுதியவர் யார்? அவரேதான். எழுதும்போது என்ன ஒரு கெத்தாக எழுதினார். இப்போது தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

நாளெல்லாம் யோசித்தார். நான்காவது மாடியில் ஒரு சிலிண்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே, அந்த வியாழன் மாலையைத் துழாவினார். பத்துப் பக்கத்தை மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே படித்துவிட்டது தெரிந்தது. வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தது தெரிந்தது. குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டியது தெரிந்தது. விரலில் அந்தக் கயிற்றின் முரட்டுத்தனம்கூட ஞாபகம் இருந்தது. அவிழ்த்தது மட்டும் ஞாபகம் வரவில்லை. போயிருந்தால் அவிழ்த்திருக்க வேண்டுமே. போகாவிட்டாலும் அவிழ்த்துத்தானே ஆக வேண்டும். மண்டை காய்ந்துபோனதுதான் மிச்சம்.

இன்னொருவராக இருந்தால் விட்டுத் தள்ளியிருப்பார். ஒரு டிக், அதுவும் மூன்று வாரத்துக்கு முந்தியது, கேட்பார் யாருமில்லை. ஆனால் அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு கேன்டீனில் இருந்த சிலிண்டரைப் பார்க்காமலே, வாசலில் நின்றபடி அட்டையில் டிக் போட்டார். பசி நேரம், அவ்வளவுதான் காரணம். அடுத்த வாரம் அடுப்பில் தீப்பிடித்தபோது சிலிண்டரை அழுத்தினால் புஸ் என்று காற்றுதான் வந்தது. சமையல்காரரின் முன்கை வெந்துபோனது. விசாரணைக்கு வந்தவர் அந்த அட்டையை மேசையில் வைத்து, இது உங்கள் டிக்தானே என்று கேட்டார். அதற்கப்புறம்தான் அவர் முள் சார் ஆனார். பார்க்காத எதற்கும் டிக் போடுவதில்லை, செய்யாத எதையும் செய்ததாகச் சொல்வதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஆரம்பசூரர் இல்லை.

வீட்டில் மீதி இருந்தது ஒரே ஓர் ஆள்தான். மகளைக் கேட்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. ஏன் பயம் என்றும் தெரியவில்லை. அவர் தோற்றால் அவளுக்கு லாபம். புத்தகத்தைத் திறக்க வேண்டாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. பிறகு அவள் ஏன் அவருக்காக டிக் போட வேண்டும்? கேலிக்கா? எப்போது கண்டுபிடிக்கிறார் பார்ப்போம் என்று பொறி வைத்தாளா? ஒன்றும் பிடிபடவில்லை.

மாலை உடற்பயிற்சியை முடித்து டிக் போட்டார். தண்ணீர் குடிக்க வந்த மகளை நிறுத்திக் கேட்டார். அவள் மழுப்பவில்லை.

"நான்தான்ப்பா போட்டேன்."

"அன்னைக்கு நான் செஞ்சேனா, இல்லையா?"

"இல்ல. ஒரு கால்ல ஷூ போட்டீங்க. இன்னொண்ணைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கிட்டீங்க. எழுப்பினேன். இதோ கிளம்பிட்டேன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கினீங்க. நான்தான் ஷூவைக் கழட்டி வெச்சேன்."

அவிழ்த்தது ஏன் ஞாபகம் வரவில்லை என்பது புரிந்தது. புரிந்தது அது ஒன்றுதான்.

"அதுக்காக நீ டிக் போடுவியா?"

"பாவமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

அவர் அட்டையைப் பார்த்தார். பச்சைப் பேனாவை எடுத்து நீல டிக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். விரல் விட்டு எண்ணினார். நாற்பத்திரண்டாம் நாள் ஒன்று என்றால் இன்றைக்கு இருபத்திரண்டு. இன்னும் ஐம்பத்தெட்டு நாள் பாக்கி. வரிசைகளின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிய எண்களை எழுதத் தொடங்கினார். அறுபத்து மூன்று நாள் சர்க்கரை இல்லாமல் குடித்த காப்பியெல்லாம் தொண்டையில் திரும்பி வருகிற மாதிரி இருந்தது.

"அப்போ ஃபார்ம்?" என்றாள் மகள். சட்டென்று வாயிலிருந்து விழுந்துவிட்ட வார்த்தை. சொன்னவுடன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் எழுதுவதை நிறுத்தித் திரும்புவதற்குள் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

வேலையிலிருந்து வந்த மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. பெண் ஒரு நல்ல எண்ணத்தில் செய்ததை, நாலு கோடு போட்ட அட்டைக்காகப் போட்டு உடைத்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரம். "உங்க நேர்மையை நீங்களே வெச்சுக்கோங்க. அவ வருஷத்தை ஏன் அதுல கட்டித் தொங்க விடறீங்க?" என்றாள். கோட்டைக் கிழிக்காமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தார். கிழிக்காமல் இருந்திருந்தால், எண்பதாம் நாள் மகள் முகத்தைப் பார்த்து முடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது என்றும் நினைத்தார். அவளுக்குத்தான் உண்மை தெரியுமே. தெரிந்த அவளே ஒப்புக்கொண்டால் இவருக்கென்ன. இப்படியே இரண்டு பக்கமும் தானே வக்கீலாக நின்று வாதாடியதில், அன்றைய பத்துப் பக்கத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. படித்தது ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் டிக் போட்டார். ஏறியிருக்க வேண்டும் என்று விதியில் இல்லை.

மறுநாள் காலை எழுந்தபோது எதற்கு எழுந்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. இனி எண்பது நாள் முடிந்து யாருக்கு என்ன? கடைசித் தேதி அதற்கு முன்பே போய்விடும். ஆனாலும் கால்கள் ஷூவைத் தேடிப் போயின. இரண்டு கயிற்றையும் கட்டிவிட்டு, கட்டியிருக்கிறோமா என்று குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். பேருந்து நிலையம் வரை போய், பூட்டிய கடைகளைச் சுற்றி, பெட்ரோல் பங்க் வழியாகத் திரும்பும் அதே பாதை. வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தார். மன்னிப்புக் கேட்பதா, கண்டிப்பதா, கெஞ்சுவதா என்று முடிவாகவில்லை. பெட்ரோல் பங்கில் இருந்தவர் வழக்கம்போல் கையை அசைத்தார். இவர் அசைத்தாரா இல்லையா என்று நாலு எட்டு தாண்டிய பிறகு சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து பேனாவோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். அட்டையை மறைத்துக்கொண்டு, அதே காந்தத்தின் கீழ் இன்னொரு காகிதம் இருந்தது. தேர்வு விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, பள்ளி எண், எழுதப்போகும் தாள் எல்லாம் நீல மையில் அழகாக நிரப்பியிருந்தது. கீழே 'பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடம் மட்டும் காலி.

மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். அது அவருக்குப் பழகிப்போன பார்வை. கடைசியில் மாணவி கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இருந்தது. தப்பாக எழுதியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார், மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அப்புறம் விண்ணப்பத்தைத் தூக்கிவிட்டு அட்டையைப் பார்த்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

அந்த வியாழக்கிழமை. நாற்பத்தோராம் நாள்.

அவர் ஒற்றை ஷூவோடு தூங்கிக்கொண்டிருந்த அன்றைக்கே அவள் இதை எழுதி முடித்திருக்கிறாள். எண்பது நாளுக்காக அவள் காத்திருக்கவே இல்லை. நாற்பது பச்சை வரிசையைப் பார்த்தாளா, கையில் ஷூவோடு வாய் பிளந்து தூங்கியவரைப் பார்த்தாளா? அவர் முடித்த நாளில் எழுதுகிறேன் என்றவள், அவர் விட்ட நாளில் எழுதியிருக்கிறாள். இது என்ன கணக்கு என்று அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. கண் மட்டும் கலங்கியது. துடைத்துக்கொண்டு பேனாவின் மூடியைத் திறந்தார்.

கையெழுத்திடும் இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நீலம் அல்லது கறுப்பு மை மட்டுமே ஏற்கப்படும்.

மேசை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். அத்தனையும் பச்சை. ஷூவைக் கழற்றாமலே நடந்து போய் மகளின் அறைக் கதவை இரண்டு தட்டு தட்டினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் வாய்க்கு வரவில்லை.

கதவு திறந்தது. தலையைக் கட்டாமல், தூங்காத கண்ணோடு நின்றாள். அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கே ஏம்மா எழுதினே?"

"தெரியலப்பா" என்றாள். "நீங்க முடிச்சதும் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"நான் இன்னும் முடிக்கலையே."

"முடிக்கலைன்னு நீங்களே கோடு போட்டீங்கல்ல? அதான் குடுத்தேன்."

அவருக்கு அதுவும் முழுசாகப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த நீலப் பேனாவைக் கொஞ்சம் குடு."