வெளியே போகிற வழி

கணவனைப் போல ஒரு சோம்பேறியை அவள் பார்த்ததேயில்லை. பெற்ற தாய்க்கு மதியம் ஒரு போன் போட நேரமில்லை என்று, அந்த வேலையை அலுவலகத்தின் கிளவுட்டில் இருந்த ஒரு சின்ன சர்வர் கணினியின் தலையில் கட்டிவிட்டான். தன் குரலில் மூன்றே வாக்கியங்கள் பதிவு செய்தான். சாப்பிட்டாயா, வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன். தினமும் மதியம் அது தானாக அழைத்து ஒப்பிக்கும்.

போன வருஷம் ஒரு விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். சர்வர் மட்டும் கடமை தவறவில்லை. மகன் இல்லை என்பது மாமியாருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தட்டில் கை வைப்பாள். அதே அலுவலகத்தில் வேலை பார்த்த மருமகளும் கண்டும் காணாமல் இருந்தாள். தனக்கென்று ஒரு வார்த்தைகூட விட்டுவைக்காமல் போனானே என்ற வயிற்றெரிச்சல்தான் அவளுக்கு ஆறவில்லை.

இப்போது மேலிடத்து உத்தரவு. எங்கேயோ தகவல் கசிந்துவிட்டதாம். இனி எந்த சர்வரும் இஷ்டத்துக்கு வெளியே பேசக் கூடாது. எல்லா வழியையும் அடைத்துவிட்டு, வேலைக்கு வேண்டியதை மட்டும் திறக்க வேண்டும். அந்த விதிகளை எழுதுவது அவள் பொறுப்பு. இனி அந்த அழைப்பு வராது என்று காலையிலேயே மாமியாரிடம் போட்டு உடைத்தாள்.

"மூடிடும்மா," என்றாள் மாமியார். "ஆனா கொஞ்ச நாளா அவன் உன்னத்தான் கேக்கறான்."

அந்த மூன்று வாக்கியத்தில் இவளைப் பற்றிய பேச்சு எங்கே இருக்கிறது? வயசாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மதியம் விதியை மாற்றினாள். அந்த நேரம் பார்த்து அழைப்பு போய்க்கொண்டிருந்தது. புதிதாகத் தொடங்குவதைத்தான் விதி தடுக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை அறுக்காது. மூன்று வாக்கியம்தானே, முடிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். தேநீர் குடித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தால் இன்னும் ஓடுகிறது. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டுத் திரும்பிய பிறகும் ஓடுகிறது. இரண்டு பக்கமும் குரல் போய் வருகிறது. மாமியாருக்குப் போன் போட்டால் வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. பயத்தில் சர்வரையே ரீஸ்டார்ட் செய்தாள். இணைப்பு அறுந்தது.

உடனே மாமியார் கூப்பிட்டாள். குரலில் கலக்கமே இல்லை.

"இவ்வளவு நேரம் யாரோட பேசினீங்க அத்தை?"

"அவனோடதான். எங்கிட்ட பேச வேண்டியதெல்லாம் பேசிட்டான், இனிமே கூப்பிட மாட்டானாம். பசிக்குது, நான் சாப்பிடப் போறேன். நீ போனக் கையிலயே வெச்சுக்கோ. அடுத்தது உனக்குத்தான் போடறேன்னு சொன்னான்."

சர்வர் மறுபடி எழுந்திருந்தது. திரையில் வரிக்கு வரி ஒரே சேதி வந்து விழுந்துகொண்டிருந்தது: அழைக்க முடியவில்லை, வெளியே செல்ல அனுமதி இல்லை. ஒவ்வொரு வரியிலும் அவளுடைய போன் எண். அந்த சர்வரில் அதை யாரும் எழுதி வைத்ததில்லை.

விதியைத் திறக்கப் பாய்ந்தாள். அவசரத்தில் தப்புத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். வழி திறந்தபோது வரிகள் நின்றுபோயிருந்தன. அத்தனை முறை கூப்பிட்டவனைத் தானே தடுத்துவிட்டோமே என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அலுவலகத்தில் விளக்கு அணைக்கும் வரை அது அடிக்கவேயில்லை.