பத்து மணி ரொட்டி

என் புருஷன் ரவூப் கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். அதில் நான் அவருக்கு ஒரு படி மேல்.

எழுபத்திரண்டில் மாத்தளையை விட்டு அறுகம்குடாவுக்கு வந்தோம். அதற்கு முன் எட்டு வருஷம் அங்கே அலுவிகாரையில் அவருடன் பிறந்த நானா வீட்டில் இருந்தோம். மதினியின் அடுப்படியில் நான் பாத்திரம் தேய்த்தேன். கறிக்கு உப்புப் பார்க்கக்கூட அந்த மனுஷி விட்டதில்லை. பலகையில் நின்று அலையேறும் வெள்ளைக்காரர்கள் இந்தக் கரையில் மாதக்கணக்கில் கிடக்கிறார்கள், சாப்பிடத்தான் கடை இல்லை என்று கேள்விப்பட்டதும் இவரை நச்சரித்துக் கூட்டி வந்தேன். ஓலைக் கொட்டில், உட்கார ஒரு வாங்கு, எனக்கென்று ஓர் அடுப்பு.

கடை திறந்து மூன்று கிழமையாகியும் ஒருத்தரும் சாப்பிட வரவில்லை. இவர் ஊரில், விடியும்போதே வந்து நிற்கும் யாழ்ப்பாண லொறிக்காரர்களுக்கு ரொட்டி போட்டுப் பழகியவர். விடியற்காலை சுபஹு தொழுததும் அடுப்பு மூட்டுவார், ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவார். "அதுக்குப் பொறகு எந்த மனுஷன் ரொட்டி திம்பான்?" என்பார். சுட்டதெல்லாம் காக்கைக்குத்தான் போனது.

"திங்கக்கிழமை பதினொரு மணி பஸ்ல ஊருக்குப் போறோம்" என்று கடைசியில் சொல்லிவிட்டார்.

மறுபடியும் மதினியா? ஞாயிற்றுக்கிழமை விடிய முன்பே கடலோரம் போய் உட்கார்ந்தேன். இருட்டு விலகும்போதே வெள்ளைக்காரர்கள் பலகையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். வெயில் ஏறியும் ஒருத்தரும் வெளியே வரவில்லை. பத்து மணிக்குக் கடல்காற்று எழும்பி அலையைக் குலைத்தது. அப்போதுதான் கரையேறினார்கள், வயிறு ஒட்டிப்போய். எங்கள் கொட்டிலை எட்டிப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது.

பத்து மணிக்கு ரொட்டி போடுவோம் என்று இவரிடம் சொன்னேன். "பைத்தியமா ஒனக்கு?" என்றார்.

திங்கட்கிழமை அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கொட்டிலுக்கு முன்னால் தெருவில் பஸ்ஸுக்கு நின்றார். நான் அடுப்பை மூட்டினேன். பத்து மணிக்கு ஏழு பேர் ஈரத்தோடு வந்து வாங்கில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சுடச்சுடக் கல்லில் இருந்து எடுத்த ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கேட்டார்கள். பிசைந்த மாவும் முடிந்தது, துருவிய தேங்காயும் முடிந்தது.

பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியைக் கூரையில் ஏற்றினான்.

"மஸீனா! வா!"

"நீங்க போங்க. நான் வரல்ல."

கல்யாணம் முடித்து எட்டு வருஷத்தில் அவர் பேச்சை நான் மீறியதில்லை. ஆனாலும் புது மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசையத் தொடங்கினேன். பஸ் புறப்பட்டது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

"கல்லு காயுது, பாக்கல்லியா?" என்று பின்னால் குரல் கேட்டது. தேங்காய்த் துருவலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், சட்டென்று தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே, பெட்டி போகுதே! உடுப்பெல்லாம் அதுக்குள்ள!"

"போகட்டும்" என்றேன். "தேங்காயைத் துருவுங்க."

துருவினார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.