பக்தவத்சலத்தின் ஆட்சேபணை

பாடையின் கடைசி முடிச்சைத் தம்பி முகுந்த் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மல்லிகா மறுபடியும் வாசலுக்கு வந்து சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்பாவைத் தூக்க நாலு தோள் வேண்டும். தம்பி ஒருவன், சாங்வியிலிருந்து வந்த மாமா ஒருவர், கெஞ்சிக் கேட்டால் வேன் டிரைவர். தாபோடியில் யார் வீட்டுச் சாவென்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் பக்தவத்சலம். அவருக்காக எதிர்வீட்டு ராம்கிகூடக் கதவைத் திறக்கவில்லை.

"ஏன் ஷபானா, ஒருத்தரும் வரல?"

பக்கத்து வீட்டு ஷபானா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்கப்பா காசு வாங்கிட்டாருன்னு பேசிக்கிறாங்கக்கா. நமக்காகப் பேசப் போனவரு, ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டாராம். நேத்து நோட்டீஸ்ல போட்டிருக்கே."

அன்றைக்கு அப்பாவை வார்டு ஆபீஸுக்குக் கூட்டிப்போனதே மல்லிகாதான்.

சந்து வீடுகளை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பத் திட்டம். கட்டி முடியும்வரை எல்லாரையும் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் போடுவார்களாம். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கட்டி முடித்துவிட்டு மறுபக்கம் இடியுங்கள் என்று கேட்கத்தான் அப்பாவை வார்டு ஆபீஸுக்கு அனுப்பினார்கள்.

விசாரணை அதிகாரி நல்ல மனுஷர்தான். வெகுநேரம் காக்கவைத்ததற்கு மராத்தியில் மன்னிப்புக் கேட்டார். பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் அதையே சொல்லிப் பழகிய அப்பா, "ஹர்கத் நாஹி, சாஹேப்" என்று சிரித்தார். பரவாயில்லை என்று அர்த்தம். ஆபீஸ் மராத்தியில் ஹர்கத் என்றால் ஆட்சேபணை. குமாஸ்தா அப்போதே தட்டிவிட்டான்: ஆட்சேபணை இல்லை. அதற்குப் பிறகு அப்பா தொண்டை வறளப் பேசியதில் ஒன்றும் பதிவில் ஏறவில்லை. நேற்று நோட்டீஸைப் படித்துவிட்டு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

"அரே, இதைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?" மல்லிகா நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஷபானா எழுந்தாள். "நான் போய்ச் சொல்றேன். நம்புறாங்களோ இல்லையோ."

"நான் ஆபீஸுக்குப் போறேன். திருத்தம் சொல்ல இன்னிக்குச் சாயங்காலம்தான் கடைசி."

முகுந்த் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அக்கா, இன்னும் எடுக்கவே இல்ல. அப்புறம் வீடு கழுவணும், தலை முழுகணும். நீ பாட்டுக்குப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு சொல்றதைத்தான் இப்ப கேட்டேனேடா."

இன்னொரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்தால் கிளம்ப முடியாது. பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வெளியே மே மாத வெயில் கொளுத்தியது. வார்டு ஆபீஸில் அதே குமாஸ்தாதான் இருந்தான். அவள் மராத்தியில் சொன்னதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மாத்தணும்னா அவரே வரணும், தாயி. நீங்க கல்யாணமாகி விஷ்ராந்த்வாடிக்குப் போனவங்க. உங்க பேச்சை எழுத முடியாது."

"அவரால வர முடியாது."

"உடம்பு சரியில்லையா?"

"காலையில போயிட்டாரு," என்றாள். அதுவரை வராத அழுகை அந்த மராத்தி வார்த்தையோடு வந்தது.

குமாஸ்தா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சந்துல குடியிருக்கிறவங்க யாராவது வந்து சொன்னா எழுதிக்கிறேன். அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

அவள் உட்கார்ந்தாள். முகுந்துக்கு போன் செய்யப் பயமாக இருந்தது. கடைசியில் எத்தனை பேர் தூக்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும்.

மூடும் நேரத்தில் ராம்கி வந்தான். பின்னால் சந்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். ராம்கி நேராக மேஜைக்குப் போய்க் கையை ஊன்றினான்.

"எழுதிக்கோங்க," என்றான். "எனக்கு ஆட்சேபணை இருக்கு."

மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். ராம்கியின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி மேஜை நனைந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற மற்றவர்களும் தலை துவட்டியிருக்கவில்லை.