ஏரம்பமூர்த்தியின் பயணம்

யாருடைய ஆய்வை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும் அந்தத் தடித்த புத்தகத்தை நூலக மேசையில் தொப்பென்று போட்டாள் கரோலின். கூட வேலை செய்யும் பவளராணிக்காக அவளுக்குத்தான் கோபம்.

"அக்கா, ஊரில எழுதின மலேரியாக் கட்டுரையள் மட்டும்தான் உங்கட பேரில கிடக்கு. இஞ்ச செய்த இருதய ஆராய்ச்சி முழுக்க ஆரோ ஏரம்பமூர்த்தியின்ர பேரில. ஆர் உந்த ஆள்?"

"அப்பா."

ஊரில் அவள் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றவர். ரொறொன்ரோவில் வந்திறங்கியபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். அவருடைய பெயரைச் சொன்னாள். அதுவே நிலைத்துவிட்டது.

கொடிகாமத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். கம்பஸுக்குப் படிக்கப் போகும் மகள் யன்னலால் கை காட்டினாலும், ரயில் அசையும்வரை சிரிக்கமாட்டார். அசைந்த பிறகு சிரிப்பார். இப்போது அவரும் இல்லை, போரில் பிடுங்கப்பட்ட அந்தத் தண்டவாளமும் இல்லை.

"எழுதித் திருத்துவம் அக்கா. ரெண்டையும் சேர்த்தால்தானே உங்கட பேர் வெளியில தெரியும்."

பவளராணி அந்தப் பெயரின் கீழே விரலை ஓட்டினாள். ஜப்பானிலும் சுவீடனிலும் யார் யாரோ அவரைச் சொல்லியிருந்தார்கள்.

"விடு பிள்ளை. ஆக்களை ஏத்தி அனுப்பினதோட சரி, கொழும்புக்கு அங்கால போகாத மனிசன். இப்பதான் வெளிக்கிட்டிருக்கிறார்."