நாற்பத்தோரு அடி

நிலத்தடி நீர் அலுவலகத்தின் அளவுக்காரர் தரைக்குள் இறங்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. முதல் நாள் செருப்பின் அடிப்பாகம் மட்டும் மறைந்தது. அந்த வருஷக் கடைசியில் கணுக்கால் போனது, நாலாம் வருஷம் கெண்டைக்கால். சிமெண்டுத் தரை, மண் தரை, தார் ரோடு எதுவானாலும் ஒரே ஆழம்தான். வலி கிடையாது. காலை வெளியே எடுத்தால் செருப்பில் தூசிகூட இருக்காது. தேங்கிய தண்ணீரில் நடப்பவரைப் போல அவர் தெருவில் துழாவி நடந்தார். உள்ளங்கையை அகல விரித்து ஊன்றினால் தரை தாங்கும். அப்படி ஊன்றி ஏறிப் படுத்துவிட்டால் விடியும் வரை மற்றவர்களைப் போலத் தரைக்கு மேலேயே கிடப்பார். எழுந்து நின்றதும் பழைய ஆழத்துக்குப் போய்விடுவார். எலும்பு மருத்துவர் கால்சியம் எழுதிக் கொடுத்தார். தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தார். மூன்றாவதாகப் பார்த்தவர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தார், ஆறு கிலோ குறைந்த அந்த ஆண்டிலும் மூன்று அங்குலம் இறங்கினார்.

அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. அங்கே அவர் நாற்காலியை விட்டு எழுந்தால், கீழே பதிவறையின் கூரையிலிருந்து இரண்டு கால்கள் தொங்கும். பதிவறை எழுத்தர் தன் மேஜையை ஒருமுறை இடம் மாற்றிப் பார்த்தார். கால்கள் அங்கேயும் வந்தன. "சார், சாக்ஸாவது துவைச்சுப் போட்டுக்கிட்டு வாங்க, மேலேயிருந்து வாடை இறங்குது" என்று படிக்கட்டில் நின்று கத்தினார். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

இதையெல்லாம் அதிகமாகச் சுமந்தவர் அளவுக்காரரின் மனைவி. மார்க்கெட் தெருவில் தையல் கடை வைத்திருந்தார். ஊரில் அவரைத் தையலம்மா என்பார்கள். கணவரோடு பேசக் குனிந்து குனிந்து முதலில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. பிறகு மண்டியிட்டுப் பேசப் பழகி முட்டிகள் கறுத்தன. சாப்பாட்டு மேஜையை விற்றுவிட்டு, அந்த இடத்தில் அலமாரிப் பலகை ஒன்றைத் தரையில் போட்டார். உறவுக்காரர்கள் வந்து ஐயோ என்று உட்கார்ந்தால், "அவரு நல்லாத்தான் இருக்காரு, நீங்க காலைத் தள்ளி வைங்க, இடிக்குது" என்பார். புலம்புவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா?

அளவுக்காரரின் வேலை எளிதானது. ஊருக்கு மேற்கே ஊற்றும், அதிலிருந்து கிளம்பும் சிற்றாறும் இருந்தன. ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு கண்காணிப்புக் கிணறு. கிணறு என்றால் தரையிலிருந்து நாலு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய். திங்கள்தோறும் அதற்குள் டேப்பை இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். டேப்பைக் குழாயின் வாயில் பிடித்து அளக்கச் சொல்லி விதி. அவருக்கு முன்பு இருந்தவருக்குக் குனிய முடியாது. டேப்பை பெல்ட்டின் பக்கிளில் பிடித்து அளந்து, பக்கிளிலிருந்து குழாய் வாய் வரையுள்ள மூன்றடியைக் கழித்துக்கொள்வார். போகும்போது இவருக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார். டேப் நாற்பத்து நாலு காட்டும், மூன்று போக நாற்பத்தொன்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாற்பத்தொன்றுதான். நடுவில் எத்தனையோ கோடை வந்து போனது. அந்த எண் அசையவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு என்று இரண்டு முறை பாராட்டுக் கடிதம் வந்தது. அதை அவர் மடித்து டிபன் பையில் வைத்திருந்தார்.

ஊற்று என்னவோ மெலிந்துகொண்டு வந்தது. வாயில் ஆள் ஆழத்துக்குப் பொங்கிய நீர் முழங்காலுக்கு வந்தது. கீழே ஆற்றில் மீன்கள் முட்டையிட ஏறி வருவது குறைந்தது. தோட்டக்காரர்கள் மனு கொடுத்தார்கள். அலுவலகம் பதிவேட்டைப் பார்த்தது: நாற்பத்தோரு அடி, மாற்றமில்லை. ஊற்றுவாயில் இலைகள் அடைத்திருக்கலாம் என்று பதில் போனது. மட்டம் இத்தனை உறுதியாக இருக்கும் ஊர் வேறெங்கும் இல்லையென்று பாட்டில் தண்ணீர்க் கம்பெனி ஒன்று வந்து ஆறு ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டது. தோட்டக்காரர்களும் மனு எழுதுவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு போர் போட்டார்கள். அதற்குப் பிறகு அளவுக்காரர் கொஞ்சம் வேகமாக இறங்கினார்.

பதினோராம் வருஷம் ஒரு திங்கட்கிழமை, கையூன்றி ஏறும்போது அவருக்குத் தோள் பிசகிக்கொண்டது. டேப்பைத் தூக்கிக்கொண்டு தையலம்மா கூடப் போனார். தொடை வரை மண்ணுக்குள் நின்று கணவர் அளக்கிற அழகை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். பெல்ட் பக்கிளும் குழாய் வாயும் ஏறக்குறைய உரசிக்கொண்டிருந்தன. அவர் டேப்பைப் பக்கிளில் பிடித்தார், நாற்பத்து நாலு என்றார், மூன்றைக் கழித்தார்.

"மூணு எங்கேருந்து வந்துச்சு?"

"பக்கிளுக்கும் பைப்புக்கும் நடுவுல மூணடி."

"மூணடியா? மூணு விரல்கூட இல்லைங்க. நீங்கதான் இறங்கிட்டீங்களே."

தையலம்மா டேப்பை வாங்கிக் குழாய் வாயில் பிடித்தார். நாற்பத்து மூன்று அடி பத்து அங்குலம். தன் இடுப்பில் செருகியிருந்த தையல் டேப்பை எடுத்துக் கணவர் எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்று அளந்தார். இரண்டு அடி பத்து அங்குலம். இரண்டாம் தடவையும் அளந்து பார்த்தார். தண்ணீர் இறங்கிய அளவுக்கு அவரும் இறங்கியிருந்தார். அதனால்தான் எண் அசையவே இல்லை.

"ஆடிக்கிட்டே நிக்கறவங்களை வச்சு அளவெடுத்தா சட்டை கோணிக்கும்னு என் கடையில எல்லாருக்கும் தெரியும். உங்க ஆபீஸ்ல தெரியாதா?"

வீட்டுக்கு வந்ததும் அளவுக்காரர் சாப்பாட்டுப் பலகைக்கு முன்னால் நின்றார். "ஐநூத்தி எழுபத்திரண்டு அளவு. அத்தனையும் தப்புன்னு நானே எழுதிக் கொடுக்கணும். எழுதலேன்னா மூணு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவேன்."

"எந்த ஆழத்துல?" என்று கேட்டார் தையலம்மா.

ஐந்தாம் நாள் அளவுக்காரர் ஒரு தாள் கேட்டார். கடிதத்தைப் படித்த பொறியாளர், தன் அறைக்குள் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்த அளவுக்காரரைப் பார்த்து, "பதினோரு வருஷமா என் கண்ணு முன்னால இறங்கியிருக்கீங்க, ஒரு வார்த்தை எழுத்துல கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கோபப்பட்டார். விசாரணை வைத்தார்கள். இரண்டு ஊதிய உயர்வுகளை வெட்டினார்கள். பாராட்டுக் கடிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு, குறைந்தபட்ச நீர்மட்டத்தை நிர்ணயிக்க ஒரு குழு போட்டார்கள். மட்டம் அந்தக் கோட்டைத் தொட்டால் எல்லா மோட்டார்களும் நிற்க வேண்டும். கோடு எங்கே என்பதுதான் கேள்வி. குழு மூன்று வருஷம் கூடியது. அந்த மூன்று வருஷத்தில் அவர் இன்னும் ஒன்றே கால் அடி இறங்கினார். தையலம்மா ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனார், கடையை அடைத்துவிட்டு, கையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலையோடு.

சட்டத்தில் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு' என்று ஒரு சொல் இருந்தது. அது அளவுக்காரரின் உடம்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பேசினார்கள். கடைசிக் கூட்டத்தில் கம்பெனி மேலாளர் மிகவும் மரியாதையாக ஒரு யோசனை சொன்னார்: கழுத்து வரைக்கும் போகலாம், பேசவும் சாப்பிடவும் மனிதனுக்குத் தலை போதும். தோட்டக்காரர்களின் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தோள் என்றால் தங்களுக்கும் ஒரு போகம் கிடைக்கும் என்றார். தையலம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"சார், நாளைக்கு ஒரு நாள் நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. நானே வந்து ஊட்டி விடறேன். மூக்கைச் சொறியணும்னாலும் சொல்லுங்க, சொறிஞ்சு விடறேன். சாயங்காலம் வந்து கழுத்தா தோளான்னு எழுதிக்குவோம்."

யாரோ சிரித்தார்கள். மேலாளர் குறிப்பேட்டை மூடினார். "அப்ப நீங்களே சொல்லுங்கம்மா."

"ரெண்டு கையும் தரைக்கு மேல இருக்கணும். தண்ணி வேணும்னா அவரே டம்ளரை எடுத்துக் குடிக்கணும். அவ்வளவுதான்."

அதாவது அக்குள். குழாய் வாயிலிருந்து நாற்பத்தைந்து அடி நாலு அங்குலம். ஊற்றை இரண்டு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்த மீன் நிபுணர் தன் தாள்களைப் புரட்டினார். மீன் ஏற ஊற்றுவாயில் ஒரு சாண் தண்ணீராவது வழிய வேண்டும். அவர் கணக்கிலும் அது நாற்பத்தைந்து அடி நாலு அங்குலம்தான். யாரும் ஆச்சரியப்படவில்லை. மணி இரண்டாகியிருந்தது, எல்லாருக்கும் பசி. கையெழுத்துப் போட்டார்கள். பழைய பதிவேட்டின் அவமானம் போகாததால், டேப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஆணையில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: அளவுக்காரரின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் தரையைத் தொடுவதும் குறைந்தபட்ச மட்டமாகக் கொள்ளப்படும். ஓய்வு பெறும் நாள் வந்தபோது, அளவுகோலுக்கு ஓய்வு கிடையாது என்று அலுவலகம் எழுதியது.

பொத்தான் தரையைத் தொட்டது அடுத்த கோடையில். மூச்சை இழுத்து வைத்து அளப்பதா, விட்ட பிறகு அளப்பதா என்று கம்பெனி கேட்டது. விட்ட பிறகு என்று திருத்தம் வந்தது. ஒரு திங்கட்கிழமை பதினொன்றேகால் மணிக்கு மோட்டார்கள் நின்றன. மறுவாரம் தோட்டக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கம்பெனிக்கு லாரிதான் காத்திருக்கும், அவர்களுக்குப் பயிர் காயும்.

"அண்ணே, கொஞ்சம் நிமிந்து நில்லுங்கண்ணே. அரை அங்குலம் போதும், ஒரு தண்ணி பாய்ச்சிக்கறோம்."

நெஞ்சை நிமிர்த்தினால் அரை அங்குலம் வரும் என்பது அளவுக்காரருக்குத் தெரியும். அவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும். அலுவலக எழுத்தர் ஸ்கேலோடு குந்தி உட்கார்ந்தார். தையலம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நிமிரச் சொல்லவும் அவரால் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. பதினைந்து வருஷமாகப் பேசிப் பேசி வாய் ஓய்ந்திருந்தது. கணவர் இரண்டு கைகளையும் தரையில் நீட்டி வைத்து மூச்சை முழுக்க விட்டார். தோள்கள் தொய்ந்தன. "எழுதிக்குங்க, தொடுது" என்றார்.

தோட்டக்காரர்களில் ஒருவர் வைதுவிட்டுப் போனார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள். மோட்டார்கள் நாற்பத்து மூன்று நாள் நின்றன. சில தோட்டங்கள் காய்ந்தன. அளவுக்காரர் அதற்குக் கீழே இறங்கவில்லை. மழை வந்ததும் பெருவிரல் அகலம் ஏறினார். மறு கோடையில் அதையும் விட்டுக்கொடுத்தார். இப்படியே வருஷங்கள் போகின்றன. ஊருக்குப் புதிதாக வருபவர்கள் தெருமுனையில் நெஞ்சு வரை தரைக்குள் நின்று பேப்பர் படிக்கும் மனிதரைக் கண்டால் வழி கேட்கிறார்கள். அவரும் கையை நீட்டிச் சொல்கிறார். போன திங்கட்கிழமை இரண்டாவது பொத்தானுக்கும் தரைக்கும் நடுவே முக்கால் அங்குலம் இருந்தது. மோட்டார்கள் ஓடின.