ஒத்திகைக் கதாநாயகி

"பொம்பள வேஷத்துக்குத்தான் ஆள் வந்தாச்சுல்ல, நீ எதுக்கு பவுடரப் பூசிக்கிட்டு நிக்கிற?" என்றான் அண்ணன் வெங்கடரமணன்.

சூடாமணிக்கு முகம் செத்துப்போயிற்று. மதுரையில் அண்ணன் நடத்தும் நாடகக் குழுவில், மழைக்காலம் முழுக்க ஒத்திகையில் கதாநாயகியாக நின்றவள் அவள்தான். மேடையிலும் தான்தான் என்று நம்பியிருந்தாள்.

"ஒத்திகைக்கு ஆளில்லாமத்தான உன்னய நிக்க வச்சோம். மேடையேறுன பிள்ளைய எவன் கட்டுவான்?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கூலிக்கு வந்த நடிகை, சூடாமணியின் பட்டுச்சேலையிலேயே மேடையேறினாள். முதல் காட்சியிலேயே வசனம் மறந்து திருதிருவென விழித்தாள். கூட்டத்தில் விசில் பறந்தது.

வெங்கடரமணன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"சூடா, உனக்குத்தான் எல்லா வசனமும் மனப்பாடமாச்சே. படுதாவுக்குப் பின்னால நின்னு அவளுக்கு எடுத்துக் குடும்மா."