இறங்கியிருந்த கைகாட்டி

படத்தை அட்ராக்டா மேசைமேல் வைத்தாள். 

க்ளூன்ரோ ஸ்டேஷன். அறுபத்திரண்டாம் நம்பர் எஞ்சின். பிளாட்பாரத்தில் சிக்னல்காரன் தொப்பியும் மீசையுமாக நான். எஞ்சினுக்குப் பின்னால், வானத்தை வெட்டிக்கொண்டு, கீழே இறங்கியிருக்கும் கைகாட்டி. நாற்பது வருடமாக இறங்கவே இல்லை என்று நான் சாதித்து வந்த கைகாட்டி.

"ஃபாதர் லவெல் நைஜீரியால இறந்துட்டாரு. அவரோட பெட்டி போன மாசம்தான் எங்க ஆவணக் காப்பகத்துக்கு வந்துச்சு. கழுவாத ஃபிலிம் சுருள் மட்டும் முப்பது," என்றாள் அட்ராக்டா. "படத்துக்குக் கீழ போட ரெண்டு வரி வேணும், மாலக்கி ஐயா. அங்க இருந்தவர் நீங்கதானே?"

அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. முகவெட்டு அப்படியே அப்பனுடையது. பார்ட்லி ஹன்ராட்டியின் மகள், அறுபத்திரண்டாம் நம்பரை ஓட்டினவனின் மகள், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் கையில் பேனாவைக் கொடுக்கிறாள். சமையலறையில் என் மனைவி டீலியா ரொட்டி வெட்டுகிற சத்தம். அவள் இங்கே வருவதற்குள் இந்தப் படம் உறைக்குள் போய்விட வேண்டும். எனக்கு வேறெந்த நினைப்பும் ஓடவில்லை.

நடந்தது இதுதான். எங்களுடையது ஒற்றைத் தண்டவாளம். கைகாட்டி இறங்காமலும், அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான டோக்கன் கையில் இல்லாமலும் எந்த வண்டியும் நகரக் கூடாது. டோக்கன் என்பது பித்தளைத் தகட்டில் ஊர்ப்பெயர் வெட்டிய சின்னக் கோல். அதைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டிக் கொடுப்போம். அன்று பார்ட்லி தனி எஞ்சினோடு வந்து நின்றான். எதிரே பாலிடஃபிலிருந்து வரும் பயணிகள் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த வண்டியில் என் டீலியாவும், டான்சில் அறுத்துக்கொண்டு திரும்பும் ஏழு வயது மகள் யூனாவும்.

பார்ட்லி பழைய டோக்கன் வளையத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எண்ணெய்க் குப்பியோடு எஞ்சினின் அந்தப் பக்கம் இறங்கினான். எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் ஃபின்டன் கேனை எடுத்துக்கொண்டு டீக்குத் தண்ணீர் தேடிப் போனான். அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார் ஃபாதர் லவெல், கழுத்தில் கேமராவோடு.

"மாலக்கி, நாளைக்குக் கப்பல் ஏறுறேன். கடைசியா ஒரே ஒரு படம். அந்தக் கைகாட்டியைக் கொஞ்சம் இறக்கேன். தூக்கிட்டு நின்னா செத்த படம் மாதிரி இருக்கு."

"ஃபாதர், எதிர்ல வண்டி இருக்கு..."

"ஒரு நிமிஷம்ப்பா. எஞ்சினுக்குத் தெரியவா போகுது?"

எங்கள் ஊரில் பாதிரியாருக்கு முடியாது என்று சொன்னவன் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. மேலதிகாரி கேட்டிருந்தால் விதிப் புத்தகத்தை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன். பாதிரியார் கேட்டார், மடையன் நான், ஓடிப்போய் நெம்புகோலை இழுத்தேன். கைகாட்டி இறங்கியது.

"வளையத்தை எஞ்சின்ல மாட்டிட்டு, கையைத் தூக்கிட்டு நில்லு. இப்பத்தான் கொடுத்த மாதிரி."

கையிலிருந்த பழைய வளையத்தையே மாட்டினேன். கையைத் தூக்கினேன். சொடுக்கினார். மேகம் வந்துவிட்டது, இன்னொன்று எடுக்கலாம் இரு என்றார். அதற்குள் பெயர் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சரக்குக் கொட்டகை ஓரம் என்னை அழைத்துப் போய், நோட்டை விரித்தார். நான் என் பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் இருமியது.

திரும்பிப் பார்த்தேன். அறுபத்திரண்டு நகர்ந்துகொண்டிருந்தது.

பார்ட்லி ஏறியிருக்கிறான். வளையம் மாட்டியிருக்கிறது, கைகாட்டி இறங்கியிருக்கிறது. வேறென்ன வேண்டும்? ஃபின்டன் கேனோடு பின்னாலேயே தாவியிருக்கிறான். கத்திக்கொண்டு ஓடினேன். ஐயோ, எனக்கே கேட்காத குரல் அது. கைகாட்டியைப் படாரென்று தூக்கினேன். அதற்குள் அதைத் தாண்டிவிட்டார்கள். போனை எடுத்தேன்.

"பாலிடஃப், வண்டியை விட்டுடாதே! நிறுத்து!"

"அது போயி நாலு நிமிஷம் ஆச்சே மாலக்கி. என்னாச்சு?"

போன் கையிலிருந்து விழுந்தது. ஒன்பது மைல். இரண்டு வண்டி. நடுவே எங்கும் போன் கிடையாது. மண்டி போட்டேன், ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. யூனா கிளம்பும்போது புது ஷூ வேண்டும் என்று அழுததும், நான் அதட்டியதும் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது. காது முழுக்கத் தண்டவாளத்தில். எந்த நொடியிலும் வண்டிகள் மோதும் சத்தம் கேட்கலாம். ஃபாதர் எப்போது போனார் என்று தெரியாது.

அரை மணி நேரம். அந்தச் சத்தம் வரவில்லை.

மூன்றாவது மைலில் பார்ட்லிக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. பையைத் தடவி, தகட்டில் கட்டைவிரலை வைத்து ஊர்ப்பெயரைப் படித்திருக்கிறான். வந்த பாதையின் பெயர்! பிரேக்கைப் போட்டு, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, கனத்த பூட்சோடு வளைவைத் தாண்டி ஓடியிருக்கிறான். பயணிகள் வண்டி அவனுக்கு அறுபது கஜம் முன்னால் நின்றது. டீலியாவுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். யூனாவுக்கு ஒன்றுமில்லை. அவர்களை எனக்குத் திருப்பித் தந்தவன் பார்ட்லி.

விசாரணையில் அவன் சொன்னான், "கைகாட்டி இறங்கியிருந்துச்சு சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

என்னைக் கேட்டார்கள். "இல்ல சார். தூக்கித்தான் இருந்துச்சு. பழைய டோக்கனைக்கூடக் கொடுக்காம கிளம்பிட்டாங்க," என்றேன். ஃபின்டன் கவனிக்கவில்லை என்றான். பாதிரியாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை போய்விடும், குடியிருக்கும் ரயில்வே வீடு போய்விடும் என்ற பயம். வேலை போனது பார்ட்லிக்கு. கடல் தாண்டி, கோவென்ட்ரியில் ஏதோ தொழிற்சாலையில் தரை கூட்டிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

"அப்பா சாகிறப்பகூட இந்தக் கைகாட்டியைப் பத்தித்தான் பேசினாரு," என்றாள் அட்ராக்டா மெதுவாக. "கைகாட்டி இறங்கியிருந்துச்சு, கைகாட்டி இறங்கியிருந்துச்சுன்னு. நாங்க அவருக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு நினைச்சோம்."

ஊரை எழுதினேன். எஞ்சின் நம்பரை எழுதினேன். பேனா நின்றது.

"என்ன, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?" தட்டோடு டீலியா வந்துவிட்டாள். "அட, நம்ம ஸ்டேஷன்! மீசையைப் பாரேன், பெருச்சாளி வால் மாதிரி." தட்டை வைத்துவிட்டு, நான் பேனாவை நழுவவிட்டுக் கை நீட்டுவதற்குள் படத்தை எடுத்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பின்பக்கம் திருப்பினாள். ஃபாதரின் நோட்டைப் பார்த்து அட்ராக்டா எழுதிய தேதி இருந்தது, மணி மூன்று பத்து என்றும் இருந்தது. அந்தத் தேதி அவளுக்கு மறக்குமா? மறுபடி முன்பக்கம் திருப்பினாள். சிக்னல்காரன் பெண்டாட்டிக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை.

"மாலக்கி," என்றாள். "கை இறங்கியிருக்கு."

"நான்தான் இறக்கினேன்," என்றேன். நாற்பது வருடம் தொண்டையில் கிடந்தது, மூச்சு விடுகிற நேரத்தில் வெளியே வந்துவிட்டது.

டீலியா உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தினம் சாயங்காலம் ஜெபமாலை முடிச்சு, பார்ட்லி ஹன்ராட்டி செஞ்ச தப்பை மன்னிச்சிடு ஆண்டவரேன்னு சொல்லுவேன்," என்றாள். "நீ பக்கத்துல முழங்கால் போட்டு ஆமென் சொன்னே."

அட்ராக்டா கீழே விழுந்திருந்த பேனாவை எடுத்து மறுபடியும் என் கையில் வைத்தாள்.